தொண்ணூறாவது முறை இரக்கம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மறைக்கல்வி வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்த பின்னும், பதினோராம் வகுப்பில் பயிலும் பீடச் சிறுவன் ஒருவன் மட்டும் பங்கு இல்லத் திண்ணையை விட்டு அகலாமல் நின்றான். அவனுடைய பாட்டியார் நெடுநாளாய்ப் படுக்கையில் இருந்தார். அவருக்காக அவன் புனித அந்தோனியாரின் ஒன்பது செவ்வாய் நவநாளை ஒரு வாரமும் தவறாமல் முடித்திருந்தான் என்பதை நாம் அறிவோம். தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்: "சாமி, ஒன்பதும் முடிஞ்சிடுச்சு. செபத்துக்குப் பிட்டி கிடையாதா?"

பிட்டு என்னும் பலகாரத்தை நாம் அறிவோம், பிட்டியை அறியோம். விளக்கம் கேட்டோம். அவன் தன் கைப்பேசியில் ஆடும் விளையாட்டில் ஒரு குலுக்கல் உண்டாம். அதில் உயர்ந்த பரிசு விழுவது மிக அரிதாம். ஆனால் 89 முறை தொடர்ந்து ஏமாந்தவனுக்கு 90-ஆவது முறை அது தப்பாமல் விழுந்தே தீருமாம். அந்த உறுதிப்பாட்டைத்தான் ஆடுவோர் 'பிட்டி' என்கின்றனர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இரக்கம் என்று பொருள்.

அன்று நாம் அவனுக்குச் சொன்ன விடை சரியாக அமையவில்லை. அது நம்மை உறுத்திற்று. ஒன்றை அறியாமல் அதனைப் பழித்துப் பீடத்திலிருந்து பேசுவது நம் போன்றோருக்கு வாய்த்த எளிய பாவம். எனவே, ஐம்பதைத் தாண்டிய நம் விரல்களின் தடுமாற்றத்தையும் பொருட்படுத்தாது, அந்தச் சிறுவனைக் கொண்டே நம் கைப்பேசியில் அவ்விளையாட்டை நிறுவச் செய்து, ஆறு வாரம் ஆடினோம். ஆறு வாரத்தில் ஒரு பெரிய ஆட்டத்தின் வாயிலைத்தான் காண முடியும். ஆயினும் வாயிலில் எழுதியிருப்பதைப் படிக்க அது போதும்.

விளையாட்டின் பெயர் கென்ஷின் இம்பேக்ட். சீனத்தின் ஷாங்காய் நகரில், பல்கலைக்கழக மாணவராய் இருந்த மூவர் தொடங்கிய மிஹோயோ என்னும் நிறுவனத்தின் படைப்பு. 2020 செப்டம்பர் 28 அன்று உலகெங்கும் வெளியாயிற்று. நிறுவிக்கொள்ளக் காசில்லை.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுவோம். அது அழகிய படைப்பு. இரட்டையராய்ப் பிறந்த அண்ணனும் தங்கையும் விண்வழியே பயணம் செய்கையில் முகமறியாத் தெய்வம் ஒன்று குறுக்கிட்டு ஒருவரைக் கவர்ந்து செல்கிறது. எஞ்சியவர் அயலான ஓர் உலகில் கண்விழித்து, இழந்த உடன்பிறப்பைத் தேடி நடக்கிறார். கண்ணில் படும் எந்த மலையிலும் ஏறலாம்; உச்சியிலிருந்து சிறகு விரித்து இறங்கலாம். காற்றும் நீரும் நெருப்பும் பனியும் தத்தம் இயல்புப்படி ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. மழையில் நனைந்த பகைவன் மேல் மின்னல் கூடுதலாய்ப் பாய்கிறது. பனியை ஏவும் வீரன் ஒருவனைத் தொடக்கத்திலேயே விலையின்றித் தருகிறார்கள். அவனைக் கொண்டு ஏரியின் நீரை அடிக்கடி உறையச் செய்து, அதன் மேல் நடந்தே அக்கரை சேர்ந்தோம். பாதி வழியில் பனி உருகி மூழ்கியபோது புனித பேதுருவின் நினைவு வந்தது, சிரித்துக்கொண்டோம். மோண்ட்ஸ்டாட் என்னும் முதல் நகரின் இசையை லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்திருக்கிறது. சில மாலைகளில் ஒன்றும் ஆடாமல் அந்நகரின் காற்றாலைகளின் கீழ் நிறுத்திவிட்டு இசையை மட்டும் கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கதையிலும் கருத்துண்டு. நகரைத் தாக்கும் பறவைநாகம் ஒன்று வருகிறது. அது முன்னொரு காலத்தில் இதே நகரைக் காக்கப் போராடி, அப்போரில் நஞ்சுண்டு, நெடுந்துயில் கொண்டது. விழித்தபோது மக்கள் அதனை மறந்துவிட்டிருந்தனர். அதைக் கொல்வதன்று கதையின் முடிவு. அதன் உடலில் உறைந்த நஞ்சை அகற்றி விடுவிப்பதே முடிவு. நம் ஊர்த் திரைப்படங்களில் பலவற்றுக்கு இந்த அளவு நன்னெறி இல்லை.

விளையாட்டு என்றாலே முகம் சுளிப்போர் புனித தாமஸ் அக்குவினாசைத் திரும்பப் படிப்பது நல்லது. தளர்ந்த உள்ளம் விளையாட்டால் ஓய்வு கொள்வதை அவர் நற்பண்பின்பாற்பட்டதாகவே வைக்கிறார். அளவறிந்து மகிழத் தெரியாத கடுமுகத்தைக் குறை என்றே எண்ணுகிறார். இவ்விளையாட்டில் வரும் தெய்வங்களுக்குப் பார்பட்டோஸ், மோராக்ஸ் என்று பழைய மந்திரநூல்களில் காணும் பேய்ப்பெயர்கள் சூட்டப்பட்டிருப்பதைக் கண்டு அலறுவோரும் உளர். நமக்கு அதில் அச்சமில்லை. பெயரில் பேய் இருப்பதைக் காட்டிலும், நல்ல பெயர்களுக்குள் வேறொன்று ஒளிந்திருப்பதே நம்மை அச்சுறுத்துகிறது. நம் வழக்கு அதைப் பற்றியது.

மோண்ட்ஸ்டாட் நகரில் ஒரு பேராலயம் உண்டு. அதன் முன்னே கைகளை நீட்டி நிற்கும் தெய்வச் சிலை உண்டு. பாடியே நோய் தீர்க்கும் இளங்கன்னி ஒருத்தி அங்குப் பணிபுரிகிறாள். நாடெங்கும் வழியோரங்களில் எழுவர் சிலைகள் நிற்கின்றன. தேடிக் கண்ட ஒளிமணிகளைக் காணிக்கையாக்கினால் ஆடுபவரின் வலிமை வளர்கிறது. இவையெல்லாம் புனைகதையின் அணிகலன்கள், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் குலுக்கலுக்கு இட்டிருக்கும் பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'விஷ்', அதாவது வேண்டுதல். சீன மூலத்தில் இன்னும் வெளிப்படை: கோவிலில் நின்று ஒன்றை வேண்டிக்கொள்வதைக் குறிக்கும் சொல்லையே அதற்குச் சூட்டியுள்ளனர். வேண்டுதலுக்கு வேண்டிய சீட்டின் பெயரோ 'ஃபேட்'; விதி. விதியை வாங்கி வேண்டுதல் செய்கிறோம். இரவு வானில் ஒரு விண்மீன் பாய்ந்து வருகிறது. அது நீலமாயின் வந்தது பயனற்ற வாள், ஊதாவாயின் நடுத்தரம், பொன்னிறமாயின் ஐந்து விண்மீன் பெற்ற வீரரோ படைக்கலமோ.

இந்த ஏற்பாட்டுக்குப் பொதுப்பெயர் காச்சா. ஜப்பானியக் கடைவாயில்களில் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் பொம்மை அடங்கிய உருண்டை விழும் பொறிகள் உண்டல்லவா, அவை எழுப்பும் ஓசையிலிருந்து பிறந்த சொல் அது. எந்தப் பொம்மை விழும் என்று தெரியாது. ஆயினும் அந்தப் பொறி தன்னைக் கோவில் என்று சொல்லிக்கொள்ளவில்லை. திருகுபவனின் செயலைச் செபம் என்றும் சொல்லவில்லை.

கணக்கு இது. ஒரு குலுக்கலில் ஐந்து விண்மீன் வீரர் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 0.6, ஆயிரத்துக்கு ஆறு. பத்து முறை தொடர்ந்து குலுக்குவோர் நூறு பேரில் ஏறத்தாழ 94 பேர் வெறுங்கையோடு திரும்புவர். 90-இல் வரும் உறுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 1.6 என்று நிறுவனமே அறிவித்துள்ளது. சராசரியாக ஒரு வீரருக்கு அறுபதுக்கு மேற்பட்ட குலுக்கல்கள். வந்தவர் நாம் விரும்பியவர்தானா? அதுவும் உறுதியில்லை. 2020-இல் அது பாதிக்குப் பாதி. 2024-இல் சற்றே கூட்டினார்கள். அதிலும் தோற்றவன் அடுத்த முறை வெல்வது உறுதி. அதற்கு இன்னும் 90 வரை போக நேரலாம். ஆக உச்ச அளவு 180. வந்த வீரரே மீண்டும் வந்தால் அவருடைய வலிமை கூடும். அவ்வாறு ஆறு முறை கூட்டலாம். ஒருவரை முழுமையாக்க ஏழு முறை வெல்ல வேண்டும் என்பது இதன் பொருள்.

இந்த 90-ஆவது குலுக்கலின் உறுதிக்குத்தான் இரக்கம் என்று பெயர். இதனை ஜப்பானியர் 'தென்ஜோ' என்பர். கூரை என்று பொருள். செலவு இதற்கு மேல் ஏறாது என்பது கருத்து. 2016-ஆம் ஆண்டில் அங்கே ஒரு விளையாட்டின் குலுக்கலைப் பற்றி எழுந்த பெருங்கூச்சலுக்குப் பின், 300 குலுக்கலுக்கு ஒரு கூரை வைத்தார்கள். சீனரோ இதற்கு நேர்மாறாக அடித்தளத்துக்கான பொறுப்பு என்னும் பொருளில் ஒரு சொல்லை வழங்குகின்றனர். கூரை, அடித்தளம்: இரண்டும் கொத்தனார் சொற்கள். அவற்றில் பொய்யில்லை. கட்டியவன் அளந்து கட்டினான், அவ்வளவே. ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர் உலகம்தான் அதனை இரக்கம் என்று மொழிந்தது. அது நிறுவனம் இட்ட பெயரன்று என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். ஆடுவோர் தாமே, ஒருவேளை கசப்போடு கலந்த நகைச்சுவையாகவே, வைத்த பெயர். ஆனால் நகைச்சுவையைப் பின்வந்த சிறுவர் அறியார். அவர்கள் சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டனர்.

பேதுரு ஆண்டவரிடம் கேட்ட கேள்வியை நினைந்து பார்ப்போம். எத்தனை முறை மன்னிப்பது? ஏழு போதுமா? எண்ணிக் கொடுக்கும் இரக்கத்தையே அவர் கேட்டார். பெற்ற விடையோ எண்ண முடியாத எண். எண்ணிக்கையைக் கைவிடச் செய்வதற்கென்றே சொல்லப்பட்ட எண் அது. திராட்சைத் தோட்ட உரிமையாளர் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்தபோது, காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. எண்ணி வைத்து, 89 வரை மறுத்து, 90-இல் தருவதற்கு வணிகத்தில் தவணை என்று பெயர். கடனும் அப்படித்தான் தீர்கிறது. அதனை இரக்கம் என்று அழைத்துப் பழகிய நாவு, உண்மையான இரக்கம் எதிரே வரும்போது என்ன பெயர் சொல்லி அழைக்கும்?

நிற்க. நம்மிடம் வாதிட்டவர்களின் சொற்களையும் கேட்போம். "காசு கொடுக்க யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, நான் ஒரு பைசா செலவழிக்காமல் மூன்றாண்டாய் ஆடுகிறேன்" என்றார் பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர். உண்மைதான். நாமும் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் காசு கொடாதவன் எதைக் கொடுக்கிறான் என்பதை இந்த ஆறு வாரத்தில் உணர்ந்தோம்: வருகையை. நாள்தோறும் நான்கு சிறுபணிகள். அவற்றைச் செய்தால் சிறிது மணிகள். பரிசுகளைத் திறக்கப் பிசின் என்றொரு பொருள் வேண்டும். அது எட்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் சுரக்கிறது. தொடக்கத்தில் 120 வரை சேரும் என்று வைத்து, அதே ஆண்டில் 160 ஆக்கி, 2024-இல் 200 ஆக்கினார்கள். நிறைந்துவிட்டால் சுரப்பது நின்றுவிடும். அதாவது 26 மணி 40 நிமிடத்துக்குள் திரும்பி வராதவன் எதையோ இழக்கிறான். ஒவ்வொரு வீரரின் குலுக்கலும் ஏறக்குறைய மூன்று வாரம் மட்டும் திறந்திருக்கும். ஆறு வாரத்துக்கு ஒரு புதுப் பருவம். நம் திருவழிபாட்டு ஆண்டின் காலங்களைக் கூட நம் மக்கள் இவ்வளவு கண்டிப்பாய்க் கைக்கொள்வதில்லை. அதிகாலை செபமாலைக்கு எழாத நாம் — வெட்கத்தோடு எழுதுகிறோம் — இருமுறை பிசின் நிறைந்துவிடுமே என்று எழுந்தோம்.

"வாய்ப்பின் அளவை வெளிப்படையாய் அறிவிக்கிறார்களே" என்பது அடுத்த வாதம். அறிவிக்கிறார்கள், 2017 மே முதல் சீன அரசு அதனைக் கட்டாயமாக்கியது. ஆனால் வாய்ப்பை அறிவிப்பவர்கள் விலையை எங்கே அறிவிக்கிறார்கள்? பணத்தைக் கொடுத்தால் படிகம் வரும். படிகத்தை மாற்றினால் மணி வரும். 160 மணியை மாற்றினால் ஒரு விதிச்சீட்டு வரும். விதிச்சீட்டைக் கொடுத்தால் வேண்டுதல். 100 டாலருக்கு ஒரு சென்ட் குறையக் கொடுத்தால் மிகைப்படிகமும் சேர்த்து 8,080. அது 50 வேண்டுதலுக்குச் சற்று மேல். முன்னர்ச் சொன்ன 180-ஐ எட்ட 28,800 மணிகள் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 350 டாலரைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை நாம் தாளில் எழுதிப் போடவேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதில் எழுதிப் போடும்? எருசலேம் கோவில் முற்றத்திலும் வெளிநாணயம் செல்லாது; உள்நாணயமாக மாற்றிக்கொண்டுதான் காணிக்கை செலுத்த வேண்டும். மாற்றுவோர் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். அந்த மேசைகளுக்கு நேர்ந்தது நாம் அறிந்ததே.

2025 சனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏறத்தாழ இதையே குற்றமாகச் சாட்டியது: பலபடி நாணயங்களால் உண்மைச் செலவு மறைக்கப்படுகிறது, சிறுவரும் இளையோரும் ஏமாறுகின்றனர் என்று. நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவின்றி இத்தகைய குலுக்கல்களை விற்காதிருக்கவும் உடன்பட்டது. குற்றச்சாட்டுகளில் பல சரியல்ல என்று அது மறுப்பும் தெரிவித்தது. அதையும் பதிவு செய்கிறோம். பெல்ஜிய நாட்டில் 2018-இலேயே இத்தகைய விலைக்குலுக்கல்களைச் சூதாட்டம் என்றே ஆணையம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது வாதத்தைச் சொன்னவர் நம் பங்குப் பேரவை உறுப்பினர். "சாமி, திருவிழாவுக்கு நாமே குலுக்கல் சீட்டு விற்கிறோமே!" என்றார். விற்கிறோம். சென்ற திருவிழாவில் தையல் இயந்திரம் முதற்பரிசு. வாய்ப்பு விளையாட்டு தன்னிலே அநீதியன்று என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. ஒருவன் தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதை இழக்கும்போதும், அந்த வேட்கை அவனை அடிமையாக்கும்போதும்தான் அது தீங்காகிறது என்கிறது. நம் சீட்டை ஒருவர் பத்து ரூபாய்க்கு வாங்குகிறார்; மாலையில் குலுக்குகிறோம்; முடிந்தது. 90-ஆவது சீட்டு வரை அவரைத் துரத்துவதில்லை. சீட்டு வாங்குவதைச் செபம் என்றும் சொல்வதில்லை. ஆயினும் அவர் கேட்ட பின் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அச்சீட்டு வேண்டுமா என்று நம் மனம் ஊசலாடுகிறது. எதிராளியின் அம்பு நம் மேலும் பட்டது.

இன்னொரு அம்பை நாமே எடுத்து நம் மேல் எய்துகொள்ள வேண்டியுள்ளது. அந்தச் சிறுவன் உறுதிப்பாடு என்னும் எண்ணத்தை விளையாட்டிலிருந்து மட்டுமா கற்றான்? நம் கோவில் வாசலில் கிடக்கும் துண்டறிக்கைகளைப் பாருங்கள். ஒருபோதும் பொய்க்காத நவநாள். ஒன்பது நாள் சொல்லி ஒன்பது படி எடுத்து வைத்தால் கேட்டது கிடைக்கும். இதனை அச்சிட்டவன் ஷாங்காய்க்காரன் அல்லன். நம்மவன். அவற்றை வாசலிலிருந்து நீக்காமல் இத்தனை ஆண்டு கடந்து சென்றவரும் நாமே. மாயவித்தைக்காரன் சீமோன் தூய ஆவியின் கொடைக்கு விலை கேட்டபோது பேதுரு அவனைச் சபித்தார். நாமோ அதற்குத் தவணை அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறோம். விளையாட்டு செய்தது, நாம் விதைத்து வைத்த நிலத்தில் அழகிய வேலி கட்டியது மட்டுமே. செபமாலையில் மணி எண்ணுவதில்லையா என்று கேட்கலாம். எண்ணுவதைக் கை பார்த்துக்கொள்ளும். உள்ளம் எண்ணாதிருக்கவே அந்த மணிகள்.

சிறுவனுடைய பாட்டியார் தை மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் அவன்தான் தூபக்கலம் ஏந்தினான். சில நாள் கழித்து அவனிடம் பேசினோம். ஒன்பது செவ்வாயும் அவன் கோவிலுக்கு வந்து திரும்பிய பின் என்ன செய்தான் என்று கேட்டோம். பாட்டியின் அருகில் அமர்ந்து, அன்று கேட்ட மறையுரையை அவருக்குச் சொல்வானாம். அவர் பாதியில் உறங்கிவிடுவாராம். "அது வேண்டுதல்ல சேராதே சாமி" என்றான். நாம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அவனோடு கல்லறைத் தோட்டம் வரை நடந்தோம்.

திரும்பும் வழியில் விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டதாக அவனிடம் சொன்னோம். எத்தனை குலுக்கல் ஆயிற்று என்று கேட்டான். 71 என்றோம். பொன்னிறம் ஒரு முறையும் வரவில்லை.

"அய்யோ சாமி, இன்னும் 19 தானே!" என்று தலையில் கை வைத்தான். பிறகு நம்மைத் தேற்றும் குரலில் சொன்னான்: "பரவாயில்ல சாமி. அந்தக் கணக்கு அழியாது. எப்ப திரும்பி வந்தாலும் 71 அப்படியே இருக்கும்."

இதை எழுதும் இன்று வரை நாம் அந்த எண்ணை மறக்கவில்லை.